கடல் என்றொரு கோப்புறை

08.04.2025, செவ்வாய்

வவுனியாவிலிருந்து போன் வந்தது! நான் கத்திய கத்தலில் அம்மாவின் கோழிகள் சிதறி ஓடின. "ஆர் செத்தது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார். ஒருவரும் சாகவில்லை அம்மா, உங்கள் மகள்தான் பிழைத்திருக்கிறாள்.

சுமித்திரா அக்கா என்று ஒருவர். இணையத்தளம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்றை நடத்துகிறார். நான் போட்ட விண்ணப்பத்தைப் பார்த்தாராம். இருபத்திரண்டாம் திகதி நேர்முகம். "படிக்கேக்க செய்விச்ச பாடவேலை எல்லாம் வேண்டாம் தங்கச்சி. நீங்கள் தனிய இருந்து செய்த ஒண்டைக் கொண்டு வாங்கோ. ஓடிற மாதிரிக் கொண்டு வாங்கோ" என்றார்.

தனிய இருந்து செய்த ஒன்று! இருக்கிறதே! 'இன்றைய கடல்'!

கொரோனாப் பூட்டில் நான் கொக்கிளாயில் மாமா வீட்டில் அகப்பட்டுக் கிடந்தபோது செய்தது. மாமா காலையில் கரைக்குப் போய்க் காற்றையும் அலையையும் பார்த்துவிட்டு வருவார். வந்து வீட்டிலிருந்த கணினியில் ஒரு வரி எழுதுவார்: இன்றைக்கு இறங்கலாமா, எந்த மீன் படுகிறது. தளம் அந்தக் கணினிக்குள்ளேதான் ஓடியது. நான் என் போனிலிருந்து இணையம் கொடுத்து, மாமா எழுதியதை வெளியே ஏற்றுவேன். அளம்பிலிலும் செம்மலையிலும் போனில் எடுத்துப் பார்த்தார்கள்; கீழே பதில் எழுதவும் இடம் விட்டிருந்தேன். ஒரு வரியையும் களவெடுக்காமல் நானே எழுதிய தளம் அது.

அம்மா ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். இந்த வேலை சரிவராவிட்டால் மே மாதம் கார்மென்டுக்குத் தைக்கப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே கதைத்து வைத்துவிட்டாராம். "உன்னோட படிச்சதுகள் எல்லாம் ரெண்டு வருசமாச் சம்பளம் எடுக்குதுகள். நீ கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு வயது போறாய்" என்கிறார். இருபத்தாறு வயது போன கிழவி நான்!

சரி. போகட்டும். என்னிடம் நீல நிறப் பென்ட்ரைவ் இருக்கிறது. படிக்கப் போக முதல் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்தேன். நான் யார்!

09.04.2025, புதன்

நான் ஒரு மடைச்சி.

நீலப் பென்ட்ரைவ் செபமாலைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரேயொரு படம்: சின்ன அலை போட்ட 'கடல்'. அழுத்தினால் 'கோப்பு இல்லை' என்கிறது. அளவைப் பார்த்தேன். இரண்டு கிலோபைட்! ஒரு கலியாணப் படமே அதைவிட ஆயிரம் மடங்கு வருமே!

நான் பிரதி எடுத்தது கோப்புகளை அல்ல. திரையின் மூலையில் கிடந்த குறுக்குவழிப் படத்தை. வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அதையும் செபமாலையோடு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

கணினி படித்தவள் செய்கிற வேலையா இது? ஆரிட்டையும் சொல்லாதை கம்சா. ஆரிட்டையும் சொல்லாதை.

10.04.2025, வியாழன்

இணையத்தில் இருந்த பிரதியும் இல்லை. இலவசமாக இடம் தந்தவர்கள், பாவனையில் இல்லை என்று அழித்துவிட்டார்கள். 2022இலேயே அறிவித்த மின்னஞ்சல் திறக்காமல் கிடக்கிறது. நான் வவுனியாவுக்குப் படிக்கப் போனபின் ஏற்ற ஆள் இல்லாமல் அது நின்றது தெரியும். அழித்தது தெரியாது.

ஆகவே மிச்சம் இருப்பது ஒரேயொரு இடம். மாமாவின் பழைய கணினி.

11.04.2025, வெள்ளி

புனிதம் மாமிக்குப் போன் எடுத்தேன். மாமி என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், பிறகு கோயில் கதை, பிறகு மகள் டிலானி மச்சாள் பிரான்சிலிருந்து அனுப்பிய படம். எல்லாம் கேட்டு முடித்து, "மாமி, கொம்பியூட்டர் இருக்குதே?" என்றேன்.

"ஓம், கிடக்குது. பெரிய சனிக்கு யூட்சன் வந்து கொண்டு போறானாம். பார்மட் அடிச்சு ஆருக்கோ குடுக்கப் போறானாம்."

பார்மட்! எங்கள் ஊரில் கணினிக்குத் தலையிடி வந்தாலும் பார்மட், கால் நொந்தாலும் பார்மட்.

யூட்சன் மாமாவின் மகன், எனக்கு மச்சான், வயதில் இளையவன். முல்லைத்தீவில் போன் கடையில் நிற்கிறான். மூன்று தரம் எடுத்தேன், எடுக்கவில்லை. பிறகு வட்சப்பில் குரல் அனுப்பினான்: "அதுக்குள்ள ஒண்டும் இல்லை மச்சாள். நான் வடிவாப் பாத்தனான். படமும் பாட்டும்தான் கிடக்குது. ஆள் காசும் தந்திட்டான்."

வடிவாகப் பார்த்தானாம். இவன் போன வருடம் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டே தேடியவன்.

இன்றைக்கே பஸ் ஏறுவேன் என்றேன். அம்மா விடவில்லை. குருத்து ஞாயிறு இருக்கிறதாம், வருடப் பிறப்புக்கு பஸ் ஓடாதாம், தனியப் போய் வழியில் நிற்காதே என்கிறார். ஆனால் பின்னேரம் பார்த்தால் அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. கார்மென்டுக்கும் கதைத்து வைக்கிறார், அந்தோனியாருக்கும் நேர்த்தி வைக்கிறார். அம்மா இரண்டு பக்கமும் வலை போடுகிற ஆள்.

13.04.2025, ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை பின்னிக்கொண்டே பூசை முழுவதும் கோப்புறை பற்றி நினைத்தேன். ஆண்டவரே மன்னியும்.

15.04.2025, செவ்வாய்

பஸ் இல்லை. நாளைக்கும் நிச்சயம் இல்லையாம். யூட்சன் சனிக்குமுன் வந்துவிடுவானோ? வந்தால்? வரமாட்டான். வந்தால்?

17.04.2025, பெரிய வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்! ஆனால் எடுக்கவில்லை. முறையாக எழுதுகிறேன்.

சிலாவத்தையிலிருந்து விடிய வெளிக்கிட்டும் கொக்கிளாய்க்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. மாமா கரையில் வலை பொத்தப் போயிருந்தார். மாமி ஒரு கோப்பை தேத்தண்ணீர் தந்தார். குடிக்கவில்லை, ஓடிப்போய்க் கணினியைப் போட்டேன். அது எழும்பி வர எடுத்த நேரத்துக்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

திரை முழுக்க யூட்சனின் படங்களும் பாட்டுகளும். மூலையில் அந்த 'கடல்' குறுக்குவழி. அதைக் கண்டதும் கோபம்தான் வந்தது, தொடவே இல்லை. என்னை ஏமாத்தினது காணும்! நேரே கோப்புறைகளுக்குள் போனேன். இல்லை. அடுத்ததில் இல்லை. எல்லாவற்றையும் திறந்தேன். பேரைப் போட்டுத் தேடினேன். இல்லை, இல்லை, இல்லை. யூட்சன் சொன்னது சரிதானா? மாமி வந்து எட்டிப்பார்த்து, "முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது ஞாபகம் வந்தது. 2021இல் யூட்சன் சினிமாப் படம் இறக்க இடம் காணாது என்று என் கோப்புறையைத் தூக்கி எறியப் பார்த்தான். அன்றைக்கு நான் அதை மறைத்து வைத்தேன். மறைத்தேன்! நானே! 'மறைந்த கோப்புகளைக் காட்டு' என்ற சின்னப் பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டால் போதும்.

போட்டேன்.

வந்தது! மற்றவை எல்லாம் பளிச்சென்ற மஞ்சளில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வெளிறிய மஞ்சளில், வெயிலில் நின்ற துணி மாதிரி. 'கடல்'. நான் கதிரையிலிருந்து துள்ளியதில் கதிரை பின்னால் விழுந்தது.

இனித்தான் புதினம். கோப்புறையின் பக்கத்தில் கடைசியாக மாற்றிய திகதி இருக்கும் அல்லவா? நான் விட்டுப்போனது 2022. அங்கே இருந்தது 17.04.2025. இன்றைக்கு! இன்று காலை!

வைரஸோ? மறைந்து கிடந்த கோப்புறைக்குள் ஆர் போய் வந்தது? அளவும் நான் விட்டதைவிடப் பெரிது. பென்ட்ரைவைச் செருகினேன், பிரதி எடுக்கத் தொடங்கினேன், பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து பாதிக்கு வந்தது.

டப்.

மாமி சுவரில் இருந்த சுவிச்சை நிற்பாட்டிவிட்டார்.

"மாமீ!"

"கால் கழுவிற பூசைக்கு நேரமாச்சு. இனி உன்னதங்களிலே பாடி மணி அடிக்கு மட்டும் இந்த வீட்டில பெட்டி ஒண்டும் திறக்கிறேல்ல."

சொல்லிவிட்டு, தவக்காலத்துக்குச் சுரூபங்களை மூடிய நாவல்நிறத் துணியில் மிச்சமிருந்த துண்டை எடுத்து வந்து கணினியையும் மூடிவிட்டார். இந்த வீட்டில் அப்படித்தான். பெரிய வியாழன் பூசையோடு ரேடியோ, ரீவி எல்லாவற்றுக்கும் வாய்க்கட்டு. கோயில் மணியே வாயை மூடிக்கொண்டு, மரத்தட்டுத்தான் அடிக்கும். சனி இரவுப் பூசையில் மணி அடித்த பிறகுதான் எல்லாம் உயிர்க்கும்.

ஆனால் யூட்சன் சனிக்கிழமை பகலே வருகிறான்!

18.04.2025, பெரிய வெள்ளி

காலையிலிருந்து கஞ்சி. ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் கரையில் ஏறி நிற்கின்றன.

மாமியிடம் மன்றாடிப் பார்த்தேன். போடாமல், மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வன்தட்டை மட்டும் எடுக்கலாமா? ஒரு திருப்புளி போதும். சத்தமே வராது.

"இண்டைக்கு ஆணி தொடுற நாளே? ஆண்டவருக்கு என்னத்தால அடிச்சவங்கள்?"

"ஆணி அடிக்கேல்ல மாமி, கழட்டத்தானே போறன்."

மாமி ஒரு நிமிடம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு, "கழட்டிறதெண்டாலும் மூண்டு மணிக்குப் பிறகு அரிமத்தியா ஊரவர் வந்துதான் ஆண்டவரைச் சிலுவையால கழட்டினவர்" என்றார். இவருடன் ஆர் வாதாடுவது!

மாமாவிடமாவது கேட்கலாம் என்றால் அவர் பெரிய வெள்ளிக்கு மௌனம். விடிந்தது முதல் இருட்டும் மட்டும் ஒரு சொல்லும் பேசமாட்டார், இளவயதிலிருந்தே அப்படி. "மாமா, நேற்றுக் காலமை கொம்பியூட்டரை ஆர் போட்டது?" என்று கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நீங்களோ? என்னத்துக்கு? பாட்டுக் கேட்கவோ?" தலையை ஆட்டினார். கடற்கரைப் பக்கம் கையை நீட்டினார். பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டார்.

கடலுக்கும் கணினிக்கும் என்ன? ஒன்றும் விளங்கவில்லை. பொறுமை இல்லை. எனக்குப் பொறுமையே இல்லை!

19.04.2025, பெரிய சனி

யூட்சன் ஆட்டோவோடு வந்தான். வாசலிலேயே, "எங்க அம்மா பெட்டி? ஆள் காத்துக்கொண்டு நிக்குது" என்றான். நான் கணினிக்கு முன்னால் போய் நின்றேன். "டேய், உள்ளுக்கு என்ர கோப்புகள் இருக்குது, நாளைக்கு மட்டும் பொறு" என்றேன். "மச்சாள், சொல்லுறன் எல்லே, ஒண்டும் இல்லை, நான் பாத்தனான்" என்று துணியில் கை வைத்தான்.

"எடடா கையை!"

குசினிக்குள் நின்ற மாமி அகப்பையோடு வந்துவிட்டார்.

"அம்மா, நான் போடேல்ல, தூக்கிக்கொண்டுதான் போறன்."

"திறக்கக் கூடாதெண்டால் தூக்கவும் கூடாது. மூடின துணியை ஆரடா எடுக்கச் சொன்னது? மணி அடிச்சதே?"

"அவன் காசு தந்தவன் அம்மா, காத்துக்கொண்டு நிக்கிறான்."

"ஆண்டவரே மூண்டாம் நாள் மட்டும் கல்லறைக்குள்ள காத்திருந்தவர். உன்ர ஆள் ஒரு நாள் இருக்கமாட்டானோ?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். யூட்சன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்டோவை அனுப்பினான். இரண்டு நாளாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மாமியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். "உனக்கு என்ன வந்தது? அகப்பையில குழம்பு கிடக்குது, தள்ளி நில்" என்றார்.

மாமாவிடம் கேட்கலாம் என்றால் அவர் காலையிலிருந்து கோயிலில். திருப்பூசைக்கு நெருப்பு மூட்ட விறகு அடுக்குகிறார்.

20.04.2025, உயிர்ப்பு ஞாயிறு

மணி அடித்தது. துணி எடுபட்டது. அல்லேலூயா!

இரவுப் பூசை முடிந்து வந்ததும் நித்திரையில் விழுந்துவிட்டேன். காலையில் எழும்பியதும் முதல் வேலையாகக் கணினியைப் போட்டேன். யூட்சன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான், "இருந்தால் காட்டுங்கோ பாப்பம்" என்று. வெளிறிய கோப்புறையைக் காட்டினேன். "ஐயோ மச்சாள், இது எங்க இருந்து வந்தது?" என்றான். வடிவாகப் பார்த்தவன்!

அதற்குள் தளத்தின் கோப்புகள் ஒரு இடம், எழுதியவை சேரும் தரவுத்தளம் இன்னொரு இடம். இரண்டையும் பென்ட்ரைவில் எடுத்தேன். யூட்சனின் பென்ட்ரைவிலும் எடுத்தேன். போனிலும் எடுத்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே பார்த்தேன். பெயர்ப்பலகை அல்ல, வீடு. கதவு, யன்னல், கூரை, எல்லாம் இருக்கிறது!

பிறகுதான் 'கடல்' என்ற குறுக்குவழியை அழுத்தினேன். அது இந்தக் கணினியில் ஓடுமே. தளம் திறந்தது. மேலே நான் கீறிய அலை. கீழே:

'17.04.2025. கடல் நல்லம். சூடை மீன் வருது. நாளைக்குப் பெரிய வெள்ளி, ஒருத்தரும் இறங்கிறேல்ல.'

அதற்குக் கீழே பதினாறாம் திகதி. அதற்குக் கீழே பதினைந்து. நான் உருட்டிக்கொண்டே போனேன். மார்ச், பெப்ரவரி, போன வருடம், அதற்கு முதல் வருடம். முடியவில்லை.

மாமா எழுதியிருக்கிறார். நான் போன பிறகும். ஒவ்வொரு நாளும். கணினிக்குள்ளே ஓடுவதால் இணையம் இல்லாமலே அது திறக்கும், எழுதினால் வாங்கிக்கொள்ளும். வெளியே போகாது. ஒருவருக்கும் தெரியாது. அது மாமாவுக்குத் தெரியாது.

'சோளகக் காத்துப் பலம். இறங்க வேண்டாம்.'

'மண்ணெண்ணெய் இல்லை. கடல் நல்லம், நாங்கள் கரையில.' இது 2022 ஜூன்.

'டிலானி, அம்மாவுக்குக் காய்ச்சல் மாறிட்டுது. நீ யோசிக்காதை.'

'யூட்சன் போன் எடுக்கிறான் இல்லை. இதை வாசிச்சால் எடு தம்பி. சண்டை பிடிக்கமாட்டன்.'

'ஆரும் ஒண்டும் எழுதுறியள் இல்லை. பரவாயில்லை, வேலை இருக்கும். நாளைக்கும் எழுதுவன்.'

யூட்சன் எழும்பி வெளியே போனான். கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்து, "அப்பா பாட்டுக் கேக்கிறாரெண்டுதான் அம்மாவும் நானும் நினைச்சது, கேட்டும் பாக்கேல்ல. அந்த ஆளுக்கு நான் வேற ஒண்டு எடுத்துக் குடுக்கிறன்" என்று மட்டும் சொன்னான்.

அந்த நேரம் மாமா கரையிலிருந்து வந்தார். "ஆ, பிள்ளை திறந்து வச்சிருக்கிறாய், நல்லதாப் போச்சு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். 'ஆண்டவர் உயிர்த்துவிட்டார். கடலும் நல்லம்.' தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்னட்டைக் கேக்க வேணும் எண்டு கனநாள் பிள்ளை. நான் எழுதிறதைச் சனம் வாசிக்குதே? டிலானியைக் கேட்டால் ஓம் அப்பா, பாத்தனான் எண்டுறாள். அவளுக்கு எல்லாத்துக்கும் ஓம்தான். நீ சொல்லு."

நான் என்ன சொல்ல? என்ன சொல்லுறது? இல்லை மாமா, ஒருத்தரும் வாசிக்கேல்ல, இவ்வளவு காலமும் சும்மா தட்டினியள் எண்டோ?

"வாசிக்கினம் மாமா" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. மாமா தலையை ஆட்டிக்கொண்டு குளிக்கப் போனார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்.

பிறகு எழும்பினேன். சரி. சொல்லிவிட்டேன். சொன்னதை உண்மையாக்க வேண்டியதுதான். இன்றைக்கே!

அதே நாள், பின்னேரம்

ஏற்றிவிட்டேன்!

வீட்டில் சிக்னல் ஒரு கோடு. கரையில் மாமா வலை வைக்கும் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று கோடு. யூட்சன் குடை பிடித்தான், நான் மீன் பெட்டியில் என் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். மாமா காலையில் எழுதிய வரியோடு மறுபடி எடுத்த பிரதியைப் பென்ட்ரைவிலிருந்து புதிய இடத்தில் ஏற்றினேன். தரவுத்தளம் முதல் தரம் பாதியில் நின்றது. இரண்டாம் தரம் தமிழெழுத்து முழுவதும் கேள்விக்குறியாக வந்தது. மாமாவின் அவ்வளவு வரியும் கேள்விக்குறி! எழுத்துமுறையை மாற்றி மூன்றாம் தரம் ஏற்றினேன். என் போனில் திறந்தேன்.

'ஆண்டவர் உயிர்த்துவிட்டார். கடலும் நல்லம்.'

என் போனில்! கணினிக்கு வெளியே! யூட்சன் குடையை எறிந்துவிட்டுக் கத்தினான். அது காற்றில் போய்த் தண்ணீருக்குள் விழுந்தது.

இனி மாமா எழுதினால் தானாகவே வெளியே போகவும், மற்றவர்கள் எழுதினால் உள்ளே வரவும் செய்துவிட்டேன். பழைய போன் ஒன்றை வாடியின் கூரைக் கம்பில், வீட்டுக் கணினிக்கு எட்டும்படி கட்டிவிட யூட்சன் ஒத்துக்கொண்டான், இணையம் தர. இணைப்பை டிலானி மச்சாளுக்கு அனுப்பினேன், அளம்பில், செம்மலைக் குழுக்களுக்கும் அனுப்பினேன்.

டிலானி மச்சாளிடமிருந்து அழைப்பு. எடுத்தால் அழுகை. "கம்சா, நான் அப்பாட்டைப் பாத்தனான் பாத்தனான் எண்டு சொன்னது நான் அனுப்பின படத்தை எண்டு நினைச்சு. இதையெண்டு எனக்குத் தெரியாது. நான் முதல்ல இருந்து வாசிக்கப் போறன்" என்றார். வாசியுங்கோ மச்சாள்.

22.04.2025, செவ்வாய்

நேர்முகம் முடிந்தது.

சுமித்திரா அக்கா நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள், கதைக்கிறது மட்டும் கடகடவென்று. தளத்தைத் திறந்து நிரல்களைப் பார்த்தார். இரண்டு இடத்தில் பிழை சொன்னார், இரண்டும் பிழைதான். பிறகு மாமாவின் வரிகளை உருட்டத் தொடங்கினார். மண்ணெண்ணெய் வரியில் நின்றார். "இவர் ஆர்?" என்று கேட்டார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். நீலப் பென்ட்ரைவ், இரண்டு கிலோபைட், செபமாலைப் பெட்டி, மாமியின் நாவல்நிறத் துணி. வேலை கேட்கப் போன இடத்தில் என் மடைத்தனத்தை நானே விரித்து வைத்தேன்.

கடைசியில், "இப்ப பிரதி எங்க?" என்று கேட்டார்.

கைப்பையிலிருந்து ஒரு பென்ட்ரைவ், இன்னொரு பென்ட்ரைவ், போன், மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். "திறந்து பாத்தனீங்களோ?" "மூண்டையும் பாத்தனான் அக்கா." அவர் சிரித்துவிட்டார். அது நல்ல சிரிப்போ பகிடிச் சிரிப்போ, பஸ்ஸில் வரும்வரை யோசித்தும் தெரியவில்லை.

25.04.2025, வெள்ளி

போன் இல்லை. கார்மென்டுக்கு வேண்டிய படங்கள் எடுக்க அம்மா ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் கடுகடுவென்று இருக்கிறேன்.

30.04.2025, புதன்

வரச் சொல்லிவிட்டார்கள். வரச் சொல்லிவிட்டார்கள். வரச் சொல்லிவிட்டார்கள்!

13.06.2025, வெள்ளி

அந்தோனியார் திருநாள். வவுனியாவில் லீவு கேட்டு வந்தேன். அம்மாவின் நேர்த்திக்குப் பாண் கொடுத்தோம். "அவர்தான் கண்டுபிடிச்சுத் தந்தவர்" என்கிறார் அம்மா. மறைந்த கோப்புகளைக் காட்டும் பெட்டியில் சரி அடையாளம் போட்டது நான் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு ஞாபகப்படுத்தினது ஆர்?" என்று கேட்டார். மிச்சப் பாணைக் கொடுக்கப் போய்விட்டேன்.

மாமாவும் மாமியும் கொக்கிளாயிலிருந்து வந்திருந்தார்கள். நான் கொடுத்த பென்ட்ரைவை மாமி தங்கள் வீட்டு அந்தோனியார் சுரூபத்தின் கையில் நூலால் கட்டிவிட்டாராம். அவரைவிடப் பத்திரமாக ஆர் வைத்திருப்பார் என்கிறார். மாதம் ஒருமுறை கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் மாமி என்றேன். பெரிய வெள்ளியில் மட்டும் வராதே என்றார்.

மாமா என்னைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகத்தில் ஒரு குறை.

"பிள்ளை, உன்ர தளத்துக்கு இப்ப என்ன நடந்தது?"

தெரிந்துவிட்டதோ?

"ஏன் மாமா?"

"முந்தி நல்ல சனம் வாசிச்சது. நான் எழுதுவன், அவை சத்தம் போடாமல் வாசிச்சிட்டுப் போவினம். இப்ப ஆரோ புதுச் சனம் வந்திருக்குது. ஒரு வரி எழுத ஏலாமல் கிடக்குது. காத்துக் கொண்டலோ சோளகமோ எண்டு செம்மலையில ஒருத்தன் கேக்கிறான். அளம்பிலில ஒரு பெடியன் இறால் வருதோ எண்டுறான். டிலானி ஒவ்வொரு நாளும் சாப்பிட்டனீங்களோ அப்பா எண்டு எழுதுறாள், ஊர் முழுக்க அதை வாசிக்குது. நான் ஆருக்குப் பதில் எழுதிறது, எப்ப கடலுக்குப் போறது?"

"பழைய ஆக்களைத் திருப்பிக் கூப்பிடட்டோ மாமா?"

மாமாவின் வாயோரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"வேண்டாம், விடு. இவையும் இருக்கட்டும்."

இன்று காலை அவர் எழுதியிருந்தது: 'கடல் நல்லம். திருநாளுக்குப் போறம், ஒருத்தரும் தேடாதேங்கோ. கேள்வி கேக்கிற ஆக்கள் நாளைக்குப் பின்னேரம் கேளுங்கோ. டிலானி, சாப்பிட்டனான்.'

பிரதி எடுத்தேன். திறந்தும் பார்த்தேன்.